நாகம்மாள் கேட்ட பங்கு

ஆர். சண்முகசுந்தரத்தின் 'நாகம்மாள்' நாவலைப் பற்றிப் பேச்சு வந்தால், "கொங்குப் பேச்சு என்னமாய் வந்திருக்கிறது!" என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவது நம்மவர்களுக்கு வழக்கமாகிவிட்டது. 1942-ல் வந்த நாவல். வட்டார நாவலுக்கு அதுவே முன்னோடி என்று பலரும் எழுதியாகிவிட்டது. பாஷைக்காகப் பாராட்டியது சரிதான். ஆனால் அந்தப் பாஷையில் அவள் என்ன கேட்டாள் என்பதை அதிகம் பேர் காதில் போட்டுக்கொண்டதாகத் தெரியவில்லை.

கதை சின்னது. கணவனை இழந்த நாகம்மாள், மகள் முத்தாயியோடு கொழுந்தன் சின்னப்பன் வீட்டில் இருக்கிறாள். சின்னப்பனும் அவன் மனைவி ராமாயியும் பொல்லாதவர்கள் அல்ல. சோறு போடாமல் வைத்ததில்லை. ஊரில் போக்கிரி என்று பெயரெடுத்த கெட்டியப்பனோடு நாகம்மாளுக்குத் தொடர்பு. ஒருநாள் அவள் தன் பங்கைப் பிரித்துக் கொடு என்கிறாள். சின்னப்பன் இசையவில்லை. முடிவில் கெட்டியப்பன் அடித்துச் சின்னப்பன் சாகிறான்.

இப்படிச் சுருக்கினால், ஒழுக்கம் கெட்ட ஒருத்தி குடும்பத்தைக் கெடுத்த கதைபோலத்தான் இருக்கும். முதல் தடவை நானும் அப்படித்தான் படித்தேன். இரண்டாம் தடவை படித்தபோது எங்கள் பாட்டியின் தங்கை ஞாபகத்துக்கு வந்தாள். சின்ன வயதிலேயே தாலி அறுத்தவள். வருஷத்துக்கு இத்தனை வள்ளம் கம்பு, இரண்டு சேலை என்று அவளுக்குக் கணக்கு. அந்தக் கம்பு விளைந்த காட்டில் பாதி அவள் புருஷனுடையது என்று யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. அவளும் சொன்னதில்லை.

பிறகு பழைய சட்டங்களைக் கொஞ்சம் புரட்டிப் பார்த்தேன். கூட்டுக்குடும்பத்தில் இறந்தவனுடைய பங்கு ஆயுள் மட்டும் அவன் விதவையைச் சேரும் என்று 1937-ல் மத்திய சட்டம் வந்தது. 1941-ல் ஃபெடரல் கோர்ட், விவசாய நிலத்துக்கு அந்தச் சட்டம் செல்லாது, அது மாகாணங்களின் அதிகாரம் என்று சொல்லிவிட்டது. சென்னை மாகாணம் விவசாய நிலத்தையும் சேர்த்துக்கொண்டது 1947-ல். 'நாகம்மாள்' வெளியானது இந்த இடைவெளியில். அவள் புருஷன் 1937-க்குப் பிறகு இறந்தவன் என்றே வைத்துக்கொண்டாலும், வீட்டில் பாதி கேட்கலாம். காட்டில் கேட்க முடியாது. ஆசிரியர் இதையெல்லாம் யோசித்து எழுதினார் என்று நான் சொல்ல வரவில்லை. தாராபுரத்துக்குப் பக்கத்துக் கீரனூர்க்காரர். கண்ணால் கண்டதை எழுதினார்.

சின்னப்பன் ஏன் மறுக்கிறான் என்பதும் யோசிக்க வேண்டியதே. மேற்குத் தொடர்ச்சி மலை மழையைத் தடுத்துக்கொள்ளும் சீமை இது. கிணறு இருந்தால் தோட்டம், இல்லாவிட்டால் வெறும் காடு. நிலத்தை வரப்புப் போட்டு இரண்டாக்கிவிடலாம். கிணற்றை எப்படி வெட்டுவது? நாலு நாள் உனக்கு, நாலு நாள் எனக்கு என்று முறை வைத்துத்தான் கவலை ஓட்ட வேண்டும். முறைத்தண்ணீர்ச் சண்டையில் மண்டை உடைந்த பங்காளிகள் எங்கள் பக்கத்தில் ஏராளம். பங்கு பிரிந்தால் பண்ணையமே படுத்துவிடும் என்ற பயம் பொய்யல்ல.

அமெரிக்க எழுத்தாளர் வில்லா கேதர் 1913-ல் 'ஓ பயனீர்ஸ்!' என்ற நாவலை எழுதினார். நெப்ராஸ்கா மாகாணத்துப் பண்ணைக் குடும்பத்தின் கதை. தகப்பன் சாகும்போது நிலத்தைப் பிரிக்காதீர்கள், அக்கா சொல்கிறபடி கேளுங்கள் என்று பிள்ளைகளிடம் சொல்லிவிட்டுப் போகிறான். அலெக்ஸாண்ட்ராதான் புத்தி செலவழித்து நிலத்தைப் பெருக்குகிறாள். பின்னால் அவள் கல்யாணம் செய்துகொள்வாளோ என்ற சந்தேகம் வந்ததும் தம்பிகள் ஓடி வந்து, குடும்பச் சொத்து ஆண்களுடையது என்கிறார்கள். பத்திரம் அவள் பெயரில் இருக்கும்போதே இந்தப் பேச்சு! ஆனால் கேதர் தம் கதாநாயகியைக் குற்றம் சொல்ல இடமில்லாதவளாக ஆக்கிவிட்டார். நாம் அவள் பக்கம் சாய்வதில் சிரமமே இல்லை.

சண்முகசுந்தரம் அந்தச் சலுகையை நமக்குத் தரவில்லை. வாய்த்துடுக்கும் ஊர் வம்பும் உள்ள ஒருத்தியின் வாயில் நியாயமான கோரிக்கையை வைத்தார். நல்லவளாக இருந்தால்தான் பங்கு உண்டா என்ற கேள்வி நம்மைச் சங்கடப்படுத்துகிறது. சரத் சந்திரரைத் தமிழாக்கியவர், வங்கத்து விதவைகளின் கண்ணீரைக் கொங்குக்கு இறக்குமதி செய்யாமல் விட்டாரே, அதற்கே ஒரு கும்பிடு போடலாம்.

குறை இல்லாமல் இல்லை. கொலையோடு கதையை முடித்தது எனக்கு ஒப்பவில்லை. அவசரம் தெரிகிறது. ஒரு மனிதன் செத்துவிட்டால் பங்கு விவகாரம் தீர்ந்துவிடுமா? அதன் பிறகுதானே ராமாயியும் தாலியற்றவளாக நாகம்மாளின் எதிரே நிற்பாள்! ஒரே காடு, ஒரே கிணறு, இரண்டு விதவைகள். எழுத வேண்டிய நாவல் அங்கே ஆரம்பிக்கிறது. 1991-ல் பெருமாள்முருகன் 'ஏறுவெயில்' எழுதினார். அதில் காலனி கட்ட நிலத்தை எடுத்துக்கொண்டபோது ஒரு குடும்பம் சிதறுவதை நிதானமாகக் காட்டினார். அந்த நிதானம் சண்முகசுந்தரத்துக்குக் கடைசி அத்தியாயத்தில் வாய்த்திருக்கலாம்.

முத்தாயி என்ன ஆனாள் என்று நான் அடிக்கடி நினைப்பதுண்டு. மகளுக்கும் மகனைப் போலப் பிறப்பிலேயே பங்கு என்று தமிழ்நாட்டில் ஆனது 1989-ல். அப்போது அவளுக்கு ஐம்பதைத் தாண்டியிருக்கும். அதற்கு முன்பே கல்யாணமாகிப் போன பெண்களுக்கு அந்தச் சட்டம் இல்லை.