அட்டையும் இலக்கிய வகையும்
திருகோணமலை நாவல்களை முன்னிறுத்திய ஒரு சமூகவியல் நோக்கு

1

ஈழத்துத் தமிழ் நாவல் பற்றிய ஆய்வுகள் கடந்த அரை நூற்றாண்டுக் காலத்திற் கணிசமாக வளர்ந்துள்ளன. கதைப்பொருள், பாத்திரவார்ப்பு, பிரதேச மொழிவழக்கு, ஆசிரியரின் வர்க்கச் சார்பு ஆகியன விரிவாகவே ஆராயப்பட்டுள்ளன. ஆயினும் வாசகன் ஒரு நாவலை முதன்முதலிற் சந்திக்கும் இடமாகிய அட்டையைப் பற்றி நமது விமர்சனம் ஏறத்தாழ மௌனமாகவே இருந்துள்ளது. அட்டையை வெறும் அலங்காரம் என்றோ வெளியீட்டாளனின் வியாபார அலுவல் என்றோ ஒதுக்குவது வழக்கமாகிவிட்டது.

இவ்வொதுக்கல் தற்செயலானதன்று. இலக்கியத்தைத் தூய கருத்துருவாகக் காணும் நோக்கிலிருந்து அது பிறக்கின்றது. அந்நோக்கை மறுப்பவர்களாகிய நாமும் இவ்விடயத்தில் அதற்கு இரையாகியுள்ளோம் என்பதை இக்கட்டுரையில் ஒப்புக்கொள்ள வேண்டியுள்ளது. நூல் ஒரு பண்டம். அதற்குப் பயன்மதிப்பும் உண்டு. பரிவர்த்தனை மதிப்பும் உண்டு. வாசித்து முடித்த பின்னரே அறியக்கூடிய பயன்மதிப்பை வாங்குவதற்கு முன்னரே வாக்களிக்கும் வேலையை அட்டை செய்கின்றது. ஜெர்மானிய மார்க்ஸிய அறிஞர் வொல்ப்காங் பிரிட்ஸ் ஹவுக் 1971இல் வெளியிட்ட பண்ட அழகியல் பற்றிய நூலில் பண்டத்தின் தோற்றம் அதன் பயனிலிருந்து பிரிந்து தனியொரு வலிமை பெறுவதை விளக்கினார். நாவலின் அட்டைக்கு இக்கருத்து மிகவும் பொருந்துவதாகும்.

2

இப்பொருளை ஆராய்வதற்குத் திருகோணமலை தக்கதோர் களமாகும். ஈழத்துத் தமிழ் நாவலின் தொடக்கத்தோடு இத்துறைமுக நகருக்கு நெருங்கிய தொடர்பு உண்டு. சித்திலெவ்வையின் ‘அசன்பேயுடைய கதை’ 1885இல் வெளிவந்ததையடுத்து, திருகோணமலையைச் சேர்ந்த இன்னாசித்தம்பியின் ‘ஊசோன் பாலந்தை கதை’ 1891இல் வெளியாயிற்று. திருகோணமலையிற் பிறந்து சென்னையிற் பணியாற்றிய தி. த. சரவணமுத்துப்பிள்ளையின் ‘மோகனாங்கி’ 1895இல் வெளிவந்தது. தமிழின் முதல் வரலாற்று நாவலாகப் பின்னது பலராலும் கொள்ளப்படுகின்றது.

இக்காலத் தமிழ் நூல்களின் முகப்பு பெரும்பாலும் எழுத்தாலானது. நூற்பெயர், ஆசிரியர் பெயர், அவரது ஊர் அல்லது பதவி, அச்சுக்கூடம், ஆண்டு, சில வேளைகளில் விலை ஆகியன வெவ்வேறு அளவான அச்செழுத்துக்களிற் பூவேலைக் கோடுகளுக்கிடையே அடுக்கப்பட்டிருக்கும். சமயநூலும் இலக்கண நூலும் நாவலும் ஒரே கோலத்திலேயே வாசகன் முன் தோன்றின. காரணம் வெளிப்படையானது. வாசகர் தொகை சிறிது. நூல்கள் ஆசிரியரை அறிந்தோரிடையே பெரும்பாலும் கைமாறின. முகமறியாத வாசகனைக் கூவியழைக்க வேண்டிய தேவை இன்னும் எழவில்லை. ‘ஊசோன் பாலந்தை கதை’யின் மூலமான ஐரோப்பிய வீரகதை அங்கே மலிவுப் பதிப்புக்களில் மரச்செதுக்குப் படங்களோடு தெருக்களில் விற்கப்பட்டது. அதே கதை திருகோணமலைத் தமிழனின் கைக்கு வந்தபோது அத்தகைய சந்தை இங்கு உருவாகியிருக்கவில்லை. ஒரு கதை கடல் கடப்பது எளிது. அதனைச் சுமந்த சந்தை அதே வேகத்திற் கடப்பதில்லை.

3

அட்டை இலக்கிய வகைகளைப் பிரித்துக் காட்டத் தொடங்கியது முதலாளித்துவ விநியோக முறையின் விளைவேயாகும். இங்கிலாந்தில் 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியிற் புகையிரத நிலையக் கடைகளில் விற்கப்பட்ட மஞ்சள் அட்டை நாவல்கள் இதன் முன்னோடிகள். வண்டி புறப்படுவதற்கு முன் சில நிமிடங்களில் வாங்குபவன் முடிவெடுக்க வேண்டும். படம் அம்முடிவை விரைவாக்கியது. 1935இற் பெங்குவின் பதிப்பகம் படத்தையே நீக்கி, பொதுப் புனைகதைக்குச் செம்மஞ்சள், துப்பறியும் கதைக்குப் பச்சை, வாழ்க்கை வரலாற்றுக்கு நீலம் என நிறங்களால் வகைகளை வகுத்தது. முறை வேறு, பணி ஒன்றே. இன்ன சுவை இதனுள் உண்டு என்ற உறுதிமொழியே அது.

தமிழில் இவ்வுறுதிமொழியின் சித்திர மொழியை வார சஞ்சிகைகளே உருவாக்கின. 1950 முதல் 1954 வரை கல்கியில் வெளியான ‘பொன்னியின் செல்வ’னுக்கு மணியம் வரைந்த உருவங்களும், குமுதத்திற் சாண்டில்யனின் தொடர்களுக்கு லதா வரைந்தவையும் வரலாற்று நாவல் என்றால் எப்படி இருக்க வேண்டும் என்பதை வாசகர் மனத்திற் பதித்தன. குதிரை, வாள், கோபுரம், பாய்க்கப்பல், அணிகலன் பூண்ட பெண் என அம்மொழிக்கு ஒரு சிறு அகராதியே உண்டாயிற்று. நகர்ப்புற இளைஞர்களின் உடையையும் தோரணையையும் ஜெயராஜ் குற்றக்கதைகளுக்கும் நவீன காதற்கதைகளுக்கும் கொண்டுவந்தார். குடும்ப நாவல்களின் அட்டையைக் கலங்கிய கண்களுடைய பெண்முகம் நிரப்பியது. 1969இல் தொடங்கிய ‘ராணி முத்து’ போன்ற மாத வெளியீடுகளில், இவ்வகைப்பாடு கடையிலே கொடியிற் தொங்கும் நூலைத் தூரத்திலிருந்தே இனங்காணும் அளவிற்கு உறுதிப்பட்டது.

இவ்வோவியர்களின் திறமையைக் குறைத்து மதிப்பிடுவது நமது நோக்கமன்று. அவர்களது கோடுகளிற் கல்விபெறாத பல்லாயிரவரின் கண்கள் பயின்றன. ஆனால் வகையின் அடையாளம் உறுதிப்படுந்தோறும் நூலின் தனித்தன்மை மறைக்கப்பட்டது என்பதும் உண்மை. ‘மோகனாங்கி’யையே எடுத்துக்கொள்வோம். நாயக்கர் காலத்தைக் களமாகக் கொண்ட இந்நாவல் மேற்கூறிய மரபில் இன்று அட்டை பெறுமாயின் அணிகலன் பூண்ட இளவரசியொருத்தி அதில் நிற்பாள் என எதிர்பார்க்கலாம். இதே சரவணமுத்துப்பிள்ளை 1892இல் ‘தத்தைவிடு தூது’ என்னும் செய்யுளைப் பெண்விடுதலை பேசுவதற்கென எழுதியவர். பெண்ணை வேண்டுகோளும் விருப்பமும் உடைய மனுஷியாகக் காண முயன்ற ஆசிரியரின் கையிலிருந்து அவளைப் பறித்து, மீண்டும் அலங்காரப் பொருளாக்கும் வேலையை வகையின் சித்திர மொழி ஓசையின்றிச் செய்துவிடும்.

4

ஈழத்தில் இம்முரண்பாடு கூர்மையடைந்த காலம் எழுபதுகளாகும். 1970இற் பதவியேற்ற ஐக்கிய முன்னணி அரசின் இறக்குமதிக் கட்டுப்பாடுகள் தென்னிந்திய ஜனரஞ்சக சஞ்சிகைகளின் வரவைக் குறைத்தன. இவ்விடைவெளியில் வீரகேசரிப் பிரசுரங்கள் முன்னணிக்கு வந்தன. 1930 முதல் இயங்கிய நாளேடொன்றின் விநியோக வலை அவற்றுக்கு வாய்த்தது. செங்கை ஆழியானின் ‘வாடைக்காற்று’, அ. பாலமனோகரனின் ‘நிலக்கிளி’ ஆகியன 1973இல் இவ்வழியே வாசகரை அடைந்தன. திருகோணமலை நா. பாலேஸ்வரியின் ‘பூஜைக்கு வந்த மலர்’ போன்ற நாவல்களும் எழுபதுகளில் இப்பிரசுரங்கள் வாயிலாகவே நாடெங்கும் பரவின.

இப்பிரசுரங்களின் அட்டைகள் பொதுவாகத் தமிழகச் சஞ்சிகை ஓவிய மரபைத் தழுவியவை. தென்னிந்தியச் சரக்கு தடைப்பட்டதாயினும் அது பயிற்றிய கண் தடைப்படவில்லை. ஆகவே ஈழத்து மண்ணின் கதை அம்மண்ணுக்கு அந்நியமான உடையில் வெளியே வந்தது. ‘வாடைக்காற்று’ பருவத்துக்குப் பருவம் நெடுந்தீவுக் கரையில் வாடி அமைக்கும் மீனவர்க்கும் உள்ளூர் மீனவர்க்கும் இடையிலான தொழில் முரண்பாட்டையும், அதனூடே விளையும் காதலையும் ஒருங்கே பேசுவது. காதலை மாத்திரம் வெளியே காட்டி நூலை விற்பது எளிது. வலையையும் வாடியையும் முதன்மைப்படுத்திக் காட்டினால் அது வேறொரு நூலாகத் தோன்றும்.

எனினும் இங்கு ஒரு வினாவை நாம் நேர்மையோடு எதிர்கொள்ள வேண்டும். அக்காலத்து முற்போக்கு வெளியீடுகள் பலவற்றின் அட்டைகள் எவ்வாறிருந்தன? ஒற்றை வர்ணம், அச்சகத்திற் கிடைத்த எழுத்து, சில வேளைகளில் உயர்த்திய முட்டி, உதயசூரியன். வறுமையே காரணம் என்பது ஓரளவு உண்மை. பலவர்ண அட்டைக்கு வர்ணத்துக்கொரு புளொக் வேண்டும். ஒவ்வொரு புளொக்கும் தனியே ஒருமுறை இயந்திரத்தில் ஏற வேண்டும். நல்ல கடதாசிக்கும் தட்டுப்பாடு. ஆனால் வறுமையை மாத்திரம் காரணங்காட்டி நாம் தப்பிவிட முடியாது. கவர்ச்சி என்பதே முதலாளித்துவத்தின் சூழ்ச்சி என்ற துறவு மனப்பான்மையும் நம்மிடையே இருந்தது. அதன் விளைவாக, தொழிலாளியைப் பற்றி எழுதப்பட்ட நூலைத் தொழிலாளி கையிலெடுக்கவில்லை. அவனும் அவன் வீட்டுப் பெண்களும் வர்ண அட்டை நாவலையே எடுத்தனர். அவர்களைச் சென்றடைந்தது நாம் ஏளனஞ்செய்த அட்டைதான்.

மார்க்ஸிய மரபு இத்துறவைக் கோரவில்லை என்பதையும் நினைவுகூர வேண்டும். 1923இல் மாயகோவ்ஸ்கியின் நெடுங்கவிதை நூலொன்றுக்கு ரொட்சென்கோ புகைப்படத் துண்டுகளை இணைத்து அட்டை அமைத்தார். பேர்லினில் மாலிக் பதிப்பகத்துக்காக ஜோன் ஹாட்பீல்ட் அமைத்த அட்டைகள் அப்டன் சின்கிளேயர் முதலியோரின் நாவல்களை வெகுஜன வாசகரிடம் கொண்டுசென்றன. விற்பனைக்கான கருவியை விமர்சனத்துக்கான கருவியாகவும் ஆக்கலாம் என அவர்கள் செயலிற் காட்டினர்.

5

திருகோணமலை சார்ந்த எழுத்துக்களை நோக்கின் இன்னொரு சிக்கல் புலப்படும். கொட்டியாரக் குடாவின் தென்கரையிலுள்ள மூதூரைச் சேர்ந்த வ. அ. இராசரத்தினத்தின் ‘தோணி’ சிறுகதைத் தொகுதி 1962இல் வெளியாயிற்று. அத்தலைப்புக் கதையில் தோணி அழகுப் பொருளன்று. அது உற்பத்திச் சாதனம். அதனைச் சொந்தமாக்கிக்கொள்ள இயலாத ஏழை மீனவனின் ஏக்கமே கதையின் உயிர். ஆனால் கிழக்குக் கரை பற்றிய நூல்களின் அட்டைகளிற் பின்னர் திரும்பத் திரும்பத் தோன்றும் தோணி எத்தகையது? அந்திச் சூரியன் முன் கரிய நிழலாக, ஆளின்றி, அமைதியாக நிற்பது. யாருடைய தோணி என்ற கேள்வி அங்கு எழுவதேயில்லை.

இதற்குத் தொழில்நுட்பக் காரணம் ஒன்று கூறப்படலாம். இரு வர்ண அச்சுக்கு நிழலுருவமே வசதியானது, செலவும் குறைவு. இவ்வாதம் வலுவுடையதே. ஆயின் பாரந்தூக்கியும் எண்ணெய்த் தாங்கியும் அதே நிழலுருவில் எளிதில் அமைவனதாம். 1795இற் பிரித்தானியர் கைப்பற்றிய இத்துறைமுகம் 1957 வரை அவர்களது கடற்படைத் தளமாக இருந்தது. 1942 ஏப்பிரல் 9ஆந் திகதி ஜப்பானிய விமானங்களின் குண்டுவீச்சுக்கு உள்ளாயிற்று. சீனன்குடாவின் எண்ணெய்த் தாங்கிகள் இன்றும் காட்டிடையே நிற்கின்றன. தளத்தை நம்பி வாழ்ந்த தொழிலாளர், அது கைமாறியபோது வாழ்வு குலைந்தோர், துறைமுகச் சுமையாளர் ஆகியோரின் வரலாறு இந்நகரின் வரலாறாகும். ஆயினும் திருகோணமலை என்றவுடன் அட்டை ஓவியனின் கை சுவாமிமலையையும் கோணேசர் கோயிலையும் தோணியையுமே நாடுகின்றது. எனவே இத்தேர்வு அச்சியந்திரம் விதித்ததன்று. உழைப்பை நீக்கிய கடற்கரையையே அழகெனக் கொள்ளும் பார்வை விதித்தது.

6

எழுபதுகளுக்குப் பின் தமிழகத்திற் கே. எம். ஆதிமூலம் போன்ற நவீன ஓவியர்கள் அட்டைக்குள் வந்தமை ஒரு திருப்பமாகும். அவரது கோடும் கையெழுத்தும் தீவிர இலக்கியத்துக்கு ஒரு தனி முகத்தைக் கொடுத்தன. ஆயின் காலப்போக்கில் அதுவும் ஒரு வகையடையாளமாகவே இறுகிற்று. அருவ ஓவியம் கண்டால் தீவிர இலக்கியம் என வாசகன் அறிந்துகொண்டான். பழகாத வாசகன் விலகிச் சென்றான். எதிர்ப்பாகத் தோன்றியதையும் சந்தை தன் அலுமாரியில் ஒரு தட்டாக ஆக்கிக்கொள்ளும் என்பதற்கு இது சான்று.

இன்று அட்டை கைப்பேசித் திரையில் விரல்நுனியளவிற் காணப்படுகின்றது. கணினி சில விநாடிகளில் எவ்வகைக்கும் ஏற்ற படத்தைப் பிறப்பிக்கின்றது. முன்னர் வரையப்பட்டவற்றின் சராசரியே அதிலிருந்து வெளிவருவது. ஆகவே ஆளற்ற தோணி இன்னும் ஆயிரமாகப் பெருகும். இதனைத் தடுக்க நல்ல ஓவியரை நாடுவது மாத்திரம் போதாது. கதையை வாசித்த ஓவியர் வேண்டும். ஓவியருக்கு உரிய ஊதியமும் நூலில் அவர் பெயரும் வேண்டும். அட்டையைப் பற்றிக் கேள்வி கேட்கும் விமர்சனமும் வேண்டும்.

ஆய்வாளர் என்ற வகையில் நமக்கு உடனடிக் கடமையொன்று உண்டு. நூலகங்கள் பல, நூலைக் கட்டும்போது மேலட்டையைக் கிழித்தெறிந்துவிட்டுக் கலிக்கோத் துணி போர்த்துகின்றன. 1981இல் யாழ்ப்பாண நூலகம் எரிக்கப்பட்டபோது இழந்தவற்றை எண்ணி வருந்தும் நாமே, எஞ்சியவற்றின் முகத்தை நமது கையாலேயே அகற்றுவது முறையாகாது. நூலக நிறுவனத்தின் மின்வருடல்கள் அட்டையையும் சேர்த்துப் பாதுகாப்பது இவ்வகையில் பெரும் பயனுடையது. ஒரு நாவலின் அட்டை அதன் ஆசிரியர் சொல்லியதை விளக்காமற் போகலாம். அதனை யார், யாருக்கு, எதைச் சொல்லி விற்றனர் என்பதை அது சொல்லும். அச்சான்று இல்லாமல் ஈழத்து நாவலின் வாசக வரலாற்றை எழுதுதல் இயலாது.