பிசிறு நீங்கிய வேகம்

ரிவால்வர் போட்டி நடக்கும் இடத்தில் எல்லோர் கண்ணும் இலக்குப் பலகையில்தான் இருக்கும். குண்டு நடுவட்டத்தில் பாய்ந்ததா, ஓரத்தில் ஒதுங்கியதா என்று தேடிக்கொண்டிருக்கும். அந்தக் கண்ணைச் சற்றே இப்பக்கம் திருப்பி, ஆறாவது வெடிக்கும் ஏழாவது வெடிக்கும் நடுவே நிறுத்திப் பாருங்கள். ஆறு அறைகள் கொண்ட சிலிண்டர் இடப்பக்கமாகச் சாய்ந்து திறக்கிறது. குழல் வானைப் பார்க்கிறது. ஆறு வெற்றுக் கூடுகள் மொத்தமாக உதிர்கின்றன. குழல் தரையைப் பார்க்கிறது. புதிய தோட்டாக்கள் ஆறும் மொத்தமாக இறங்குகின்றன. சிலிண்டர் மூடுகிறது. தேர்ந்த கையில் இவ்வளவும் நடந்து முடிந்த பிறகுதான், நடந்தது என்றே நமக்கு உறைக்கும். இந்த விளையாட்டின் பேரழகு குடியிருப்பது இந்த இமைப்பொழுதில்தான்.

அந்த ஆறு தோட்டாக்களையும் ஏந்தி வரும் சின்னஞ்சிறு கருவிதான் ஸ்பீட்லோடர். உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். ஒரு வட்ட உடல், நடுவில் ஒரு குமிழ், சுற்றிலும் ஆறு இருக்கைகள், அவ்வளவுதான். ஆனால் கடையில் வாங்கியதை வாங்கியபடியே வைத்திருக்க மனம் வராதவர்கள் போட்டிக்காரர்கள். அரமும் உப்புத்தாளும் குட்டி ஸ்பிரிங்குகளுமாகப் பட்டறை மேசையில் உட்கார்ந்து, கண்ணுக்கே தெரியாத தடைகளை ஒவ்வொன்றாக எடுத்துவிடுவார்கள். எதையும் பெரிதாகக் கூட்டுவதில்லை. இடறுவதை மட்டும் நீக்குகிறார்கள். அந்த நீக்கலின் நயத்தை நிதானமாகப் பார்க்கலாம், வாருங்கள்.

முதலில் இதன் பூர்வீகம். இங்கிலாந்தில் பிரைடோ என்பவர் வெப்லி ரிவால்வருக்கென ஒரு நிரப்புக் கருவி செய்து 1893இல் காப்புரிமை பெற்றார். வெப்லி, நடுவில் மடிந்து திறக்கும் வகை. திறந்ததும் ஆறு அறைகளும் வட்டமாக முகம் காட்டும். அந்த வட்டத்தைப் பார்த்தவுடன், தோட்டாக்களையும் அதே வட்டத்தில் நிறுத்தி ஒரே அழுத்தில் இறக்கினால் என்ன என்று தோன்றியதே, அந்தத் தோன்றலே எத்தனை எளிமை, எத்தனை அழகு! 1902இல் வால்டர் வினான்ஸ் என்ற குறிவல்லுநர் வெப்லி ஃபாஸ்பரி ரிவால்வரை எடுத்துக்கொண்டு, பிரைடோவின் கருவியால் நடுவே ஒருமுறை நிரப்பி, 12 குண்டுகளை மூன்று அங்குல வட்டத்துக்குள் சுமார் 15 விநாடிகளில் செலுத்திக் காட்டினார். இவர் 1908 ஒலிம்பிக்கில் துப்பாக்கி சுடுதலில் தங்கம் வென்றவர். 1912 ஒலிம்பிக்கில் சிற்பக் கலைக்காகவும் தங்கம் வென்றவர். வடிவத்தை நேசிக்கும் கண்ணுக்கு இந்த ஆறு தோட்டா வட்டம் பிடித்துப்போனதில் வியப்பென்ன இருக்கிறது?

பிற்பாடு அமெரிக்காவில் போலீஸ்காரர்களுக்கான போட்டிகளில் இந்தக் கருவி செழித்து வளர்ந்தது. 7 கெஜத் தூரத்தில் 12 குண்டு, 20 விநாடி கெடு. ஆறு அறைகொண்ட ரிவால்வரோடு நிற்பவர் நடுவில் நிரப்பியே ஆகவேண்டும். அங்கே இரண்டு மரபுகள் நிலைபெற்றன. ஹெச்.கே.எஸ். நிறுவனத்தின் கருவியில் குமிழைத் திருகினால் தோட்டாக்கள் விடுபடும். சஃபாரிலேண்ட் நிறுவனத்தின் கருவியில் திருகலே இல்லை. கருவியை அழுத்தியதும் அதன் நடுமுனை, சிலிண்டரின் மையத்திலுள்ள நட்சத்திரத் தகட்டைத் தொடும். தொட்ட கணத்தில் பூட்டு அவிழும். ஒன்றில் விரல் கட்டளையிடுகிறது. மற்றொன்றில் தொடுகையே கட்டளை. இந்த இரண்டாவதில் எனக்குத் தீராத மயக்கம் உண்டு. வேறொரு அசைவுக்கு இடமே வைக்காமல், சேர்வதும் விடுவதும் ஒரே செயலாகிவிடுகிற நேர்த்தி அது.

இனி மேசைக்கு வருவோம். சஃபாரிலேண்ட் கருவியைப் பிரித்தால் உள்ளே இருப்பது ஒரு சிறு பூட்டும், அதைத் தாங்கும் ஸ்பிரிங்கும்தான். அச்சில் வார்த்த உறுப்புகளின் ஓரங்களில் மெல்லிய பிசிறு நிற்கும். நகத்தை ஓட்டினால்தான் தெரியும். அந்தப் பிசிறுதான் பூட்டு அவிழ்கையில் ஒரு நொடித்துளி தயங்குவதற்குக் காரணம். நுண்ணிய உப்புத்தாளால் அதை வருடி எடுக்கிறார்கள். ஒன்றோடொன்று உரசும் முகங்களைக் கண்ணாடிபோல் மெருகேற்றுகிறார்கள். காம்ப் 3 என்ற மாதிரியில் தோட்டாக்களை உந்தித் தள்ளவே தனியாக ஒரு ஸ்பிரிங் உண்டு. பூட்டு அவிழ்ந்ததும் புவியீர்ப்புக்குக் காத்திராமல் அது ஆறையும் அறைக்குள் செலுத்திவிடும். மெருகேறிய பிறகு அந்தச் சத்தத்தைக் கேட்டுப் பாருங்கள். முன்பு கரகரத்துக் கேட்டது, இப்போது சுத்தமான ஒற்றைச் சொடுக்காகக் கேட்கும்.

குமிழின் அளவிலும் ஒரு கலை இருக்கிறது. வேர்த்த விரலுக்கும் நடுங்கும் விரலுக்கும் சின்னக் குமிழ் வழுக்கும். அதனால் ஹெச்.கே.எஸ். குமிழின்மேல் ரப்பர் உறை போடுகிறார்கள். சிலர் கடைசல் பிடித்த பெரிய குமிழையே மாட்டிவிடுகிறார்கள். கனமான குமிழ் என்றால் கையிலேயே ஒரு நிதானம் வந்துவிடும். வேலை முடிந்ததும் கருவி தானாக விலகிக் கீழே விழும். விழுந்ததைக் குனிந்து பார்க்க யாருக்கும் நேரமில்லை. தன் கடமை முடிந்த மறுகணமே வழியை விட்டு விலகிக்கொள்ளும் அந்தப் பணிவும் ரசிக்கத்தக்கதே.

இப்போது எல்லாவற்றிலும் நுட்பமான இடத்துக்கு வருகிறோம்: தளர்ச்சி. ஸ்பீட்லோடரில் தோட்டாக்கள் இறுக்கமாக நிற்பதில்லை. கருவியை மெல்ல அசைத்தால், ஜிமிக்கியின் மணிகள் ஆடுவதுபோல அவையும் துளி ஆடும். புதிதாகப் பார்ப்பவருக்கு இது குறையாகவே படும். ஆனால் அந்தத் துளி ஆட்டத்தில்தான் உயிர் இருக்கிறது. ஓடும் கால், படபடக்கும் நெஞ்சு, ஓரக்கண் பார்வை. இந்த நிலையில் எந்த மனிதனாலும் ஆறு முனைகளை ஆறு துளைகளுக்கு நேராக மயிரிழை பிசகாமல் நிறுத்த முடியாது. தோட்டாவுக்குச் சற்றே சுதந்திரம் கொடுத்துவிட்டால், அதுவே தன் துளையைத் தேடிக்கொள்ளும். ரொம்ப ஆடினாலோ ஆறும் ஆறு திசை பார்க்கும். ஒன்று விளிம்பில் ஏறி உட்கார்ந்துகொள்ளும். இறுக்கத்துக்கும் தளர்வுக்கும் நடுவே அந்தப் பதத்தைப் பிடிக்க, ஒரு திருகைக் கால் சுற்று தளர்த்தி, இறக்கிப் பார்த்து, மறுபடி இறுக்கி, மறுபடி இறக்கிப் பார்க்கும் பொறுமை இருக்கிறதே, வீணைக்குச் சுருதி சேர்ப்பவர்களிடம் மட்டுமே அதைப் பார்க்க முடியும்.

அந்தத் தோட்டாவை ஏற்கும் அறையின் வாயையும் உற்றுப் பாருங்கள். ஆலையிலிருந்து வரும் சிலிண்டரில் துளைகளின் விளிம்பு கூர்மையாக இருக்கும். போட்டிக்காரர் அந்த விளிம்பை லேசாகச் சாய்த்து இழைத்துவிடுகிறார். கூரிய வாசல், வரவேற்கும் வாசலாகிறது. இங்கே கை அடங்கியிருப்பதுதான் தேர்ச்சிக்கு அடையாளம். நட்சத்திரத் தகட்டின் பக்கம் ஓர் இழை கூடுதலாக இழைத்துவிட்டால், வெற்றுக் கூட்டின் விளிம்பைப் பிடித்து வெளியே தள்ளும் பிடிமானம் போய்விடும். கூடு தகட்டுக்கடியில் நழுவிச் சிக்கும். ஆகவே சிலிண்டர் பக்கம் தாராளம், தகட்டுப் பக்கம் சிக்கனம். ஒரே வட்டத்துக்குள் இரண்டு நீதி!

வாசல் அழகானால் போதாது, வருகிறவரும் அதற்கேற்றவராக இருக்க வேண்டும். தட்டை முகக் குண்டு காகித இலக்கில் சுத்தமான வட்டத் துளை போடும். துல்லியப் போட்டிகளில் அதற்குத் தனி மரியாதை உண்டு. ஆனால் அதன் அகன்ற முகம் துளையின் விளிம்பில் முட்டி நின்றுவிடும். உருண்டை மூக்குக் குண்டுக்கு அந்தத் தொல்லை இல்லை. பிசகி வந்தாலும் வளைவில் வழுக்கித் தானே நடுவுக்கு வந்துவிடும். கூட்டின் வாய், குண்டைக் கவ்வும் இடத்தில் படிபோல ஒரு விளிம்பு நிற்காமல் உள்மடித்து விடுவதும் இந்த வழுக்கலுக்காகவேதான். நகக்கண் அளவுகூட இல்லாத அந்த மடிப்பைக் கவனித்துச் செய்பவரின் மனத்தை நினைக்க நினைக்க எனக்கு இனிக்கிறது.

கைப்பிடியின் மரத்திலும் ஒரு நகாசு வேலை உண்டு. சிலிண்டர் இடப்பக்கம் திறக்கும்போது ஸ்பீட்லோடரின் வட்ட உடல் கைப்பிடியின் மேல் ஓரத்தில் இடிக்கும். அந்த இடியில் கருவி ஒரு பாகை சாய்ந்தாலும் தோட்டாக்கள் தடுமாறும். அதனால் இடப்பக்க மரத்தில், கட்டைவிரல் ஒதுங்குமளவு ஒரு மென்குழிவு செதுக்கிவிடுகிறார்கள். வேலை தெரிந்தவர் செய்த குழிவு, வெட்டினதாகவே தெரியாது. மரம் அப்படியே வளர்ந்ததுபோல அதன் ரேகைகள் குழிவின் வளைவோடு ஒழுகி இறங்கும். உள்ளங்கைக்கு அது ஒரு சுகம். கருவிக்கு அது ஒரு வழி.

ஸ்பீட்லோடரின் பங்காளியான மூன் கிளிப்பைச் சொல்லாமல் விட முடியாது. முதல் உலகப் போரில் விளிம்பில்லாத .45 ஏ.சி.பி. தோட்டாவை ரிவால்வரில் சுட வேண்டிய தேவை வந்தபோது, ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் நிறுவனம் மூன்று மூன்று தோட்டாக்களைப் பிடிக்கும் அரைவட்டத் தகடுகளைச் செய்தது. பின்னாளில் அரைவட்டங்கள் கூடி முழுவட்டமாயின. இதில் கருவி தோட்டாவை விட்டுப் பிரிவதே இல்லை. தகடும் தோட்டாக்களும் ஒன்றாக உள்ளே போய், ஒன்றாக வெளியே வந்து விழும். தகடோ மெல்லியது. துளி வளைந்தாலும் சிலிண்டர் சுழலாமல் முரண்டு பிடிக்கும். எனவே போட்டிக்கு முன் ஒவ்வொரு தகட்டையும் சிலிண்டரில் இட்டுச் சுழற்றிப் பார்த்து, சந்தேகப்பட்டதை ஒதுக்கிவிடுகிறார்கள். மூன் கிளிப் வேகத்துக்கென்றே பழைய குட்டைத் தோட்டா ஒன்றுக்கும் மறுவாழ்வு கிடைத்திருக்கிறது. .38 ஸ்பெஷல் கூட்டின் நீளம் ஏறக்குறைய 29 மி.மீ.; .38 ஷார்ட் கோல்ட் கூடோ 19 மி.மீ. சொச்சம்தான். பத்து மி.மீ. குறைந்தால், உள்ளே போக வேண்டிய தூரமும் குறைகிறது, வெளியே வர வேண்டிய தூரமும் குறைகிறது. எட்டு அறைகொண்ட ரிவால்வர்க்காரர்கள் அதைச் செல்லப் பிள்ளையாக வைத்திருக்கிறார்கள்.

1999 செப்டம்பரில் லூயிசியானாக்காரர் ஜெரி மிக்குலெக், மூன் கிளிப் பொருத்திய ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் 625 ரிவால்வரால் ஆறு குண்டு சுட்டு, நிரப்பி, மறுபடி ஆறு குண்டு சுட்டு முடிக்க எடுத்துக்கொண்ட நேரம் 2.99 விநாடி. அவர் நிரப்புவதைப் பார்க்கிறவர்களுக்கு முதலில் தோன்றுவது, இவர் அவசரப்படவே இல்லையே என்பதுதான். ஒரு வெட்டு இல்லை, ஓர் உதறல் இல்லை. எல்லாம் ஒழுகுகிறது. கருவியில் பிசிறு எடுத்ததுபோலவே தன் அசைவிலும் பிசிறு எடுத்தவரின் கை அது.

ஆம், கடைசியில் மெருகேற வேண்டியது கையேதான். கூடுகளை உதிர்க்கையில் குழல் ஏன் வானைப் பார்க்கிறது? கூடுகள் தம் எடையிலேயே விழவும், எரியாத மருந்துத் துகள் நட்சத்திரத் தகட்டுக்கடியில் போய் ஒட்டாதிருக்கவும். திறந்த சட்டத்துக்குள் விரல்கள் ஏன் நுழைகின்றன? சிலிண்டர் தன்னிச்சையாகச் சுழன்று, துளைகளை இடம் மாற்றிவிடாமல் பிடித்துக்கொள்ள. விரல்நுனிகள் ஏன் தோட்டாக்களின் மூக்குவரை நீண்டிருக்கின்றன? ஆறையும் குறிவைக்காமல், பக்கத்துப் பக்கத்து இரண்டை மட்டும் தடவிக் கண்டு உள்ளே விட; அந்த இரண்டு நுழைந்துவிட்டால் மற்ற நான்கும் பின்தொடர்ந்துவிடும். வெடிக்காத போலித் தோட்டாக்களை வைத்துக்கொண்டு, தரையில் பாய் விரித்து, மாலைதோறும் இதையே செய்து செய்து பழகுகிறார்கள். ஸ்பீட்லோடர்களுக்கு எண் போட்டு வைத்து, எந்த எண் தயங்குகிறதோ அதை மறுபடி மேசைக்கு அனுப்புகிறார்கள்.

ரிவால்வருக்கென்றே போட்டிகள் நடத்தும் ஐகோர் அமைப்பு 1991இல் தொடங்கியது. மூன் கிளிப்பை விலக்கி, ஸ்பீட்லோடரால் மட்டுமே நிரப்பச் சொல்லும் கிளாசிக் பிரிவு ஒன்று அதில் இருக்கிறது. அந்தப் பிரிவின் காணொளி எதுவானாலும் கிடைத்தால் வேகத்தைக் கால்வாசியாகக் குறைத்துப் பாருங்கள். இலக்கு கிடக்கட்டும். இடுப்புப் பட்டைக்கும் சிலிண்டருக்கும் நடுவே இருக்கிற அந்த ஒரு முழத்தில் கண்ணை வையுங்கள். இழைத்த விளிம்பும் உருண்டை மூக்கும் குழிந்த மரமும் துளித் தளர்ச்சியும் அங்கே ஒரே நேரத்தில் வேலை செய்துகொண்டிருக்கும். ஒன்றாவது தனியாகத் தெரிகிறதா என்று தேடுங்கள். தெரியவில்லை என்றால், பட்டறை மேசையில் உட்கார்ந்தவர் தன் வேலையைச் சரியாகச் செய்திருக்கிறார்.