டி.என்.ஏ. கணிப்பொறியைத் தாக்குமா?

காய்ச்சலை உண்டாக்கும் வைரஸ் மனிதரைத் தாக்கும். கணிப்பொறி வைரஸ் கணிப்பொறியைத் தாக்கும். சோதனைக் குழாயில் கிடக்கும் டி.என்.ஏ. ஒரு கணிப்பொறியைத் தாக்க முடியுமா? முடியும் என்றது ஓர் ஆய்வுக் கட்டுரை. 2017 ஆகஸ்டில், கனடாவின் வான்கூவர் நகரில் நடந்த யூஸ்னிக்ஸ் கணிப்பொறிப் பாதுகாப்பு மாநாட்டில் அது வெளியாயிற்று. எழுதியவர்கள் அமெரிக்காவின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பீட்டர் நே, லூயிஸ் செஸ், தடயோஷி கோனோ முதலிய ஐவர். செய்தித்தாள்கள் இதைப் பரபரப்பாக வெளியிட்டன. அந்த ஆய்வு எதை நிரூபித்தது, எதை நிரூபிக்கவில்லை என்று நிதானமாகப் பார்ப்போம்.

டி.என்.ஏ. நான்கு வகைக் காரங்களால் ஆனது என்பதை நீங்கள் அறிவீர்கள். ஏ, சி, ஜி, டி என்னும் நான்கு எழுத்துகளால் அவற்றைக் குறிக்கிறோம். மனிதனின் மரபுத் தொகுதியில் ஏறத்தாழ 300 கோடி எழுத்துகள் உள்ளன. இன்று பரவலாக வழங்கும் கருவிகள் இவற்றை ஒரே மூச்சில் படிப்பதில்லை. சிறு சிறு துண்டுகளாகப் படித்து, ஒரு கோப்பில் எழுதி வைக்கின்றன. பின்னர் பல நிரல்கள் வரிசையாக அக்கோப்பைக் கையாளுகின்றன. ஒரு நிரல் அதைச் சுருக்கும். மற்றொன்று துண்டுகளை ஒரு மாதிரி மரபுத் தொகுதியோடு ஒப்பிட்டு உரிய இடத்தில் பொருத்தும். வேறொன்று மாறுபாடுகளைக் கண்டறியும். மருத்துவரின் கைக்கு வரும் அறிக்கை இந்த நிரல்களின் முடிவேயாகும்.

நான்கு எழுத்துகளைக் கணிப்பொறியில் எழுத, எழுத்துக்கு இரண்டு பிட் போதும். ஏ என்பது 00, சி என்பது 01, ஜி என்பது 10, டி என்பது 11. நான்கு எழுத்துகள் சேர்ந்தால் ஒரு பைட். கணிப்பொறிக்கு இடும் கட்டளைகளும் பைட்டுகளே. ஆகவே கட்டளை ஒன்றை டி.என்.ஏ. எழுத்துகளில் எழுதுவது இயலக்கூடியதே.

ஆனால் எழுதிவிட்டால் மட்டும் போதாது. தகவலாக உள்ளே வந்ததைக் கட்டளையாகக் கருதும்படி கணிப்பொறியை ஏமாற்ற வேண்டும். இங்கேதான் நிரலின் குறை உதவுகிறது. இயற்பியல் ஆய்வுக்கூடத்தில் நாங்கள் மாணவர்களுக்கு முதலில் சொல்லும் பாடம், அளவு தெரியாத மின்னோட்டத்தில் அம்மீட்டரை நேரடியாக இணைக்காதே என்பது. ஒரு ஆம்பியருக்கான கருவியில் பத்து ஆம்பியர் பாய்ந்தால் கருவி கருகிவிடும். நிரல்களிலும் இதுவே நிகழ்கிறது. 100 எழுத்துகளுக்கென நினைவகத்தில் இடம் ஒதுக்கி, வரும் சொல்லின் நீளத்தைப் பார்க்காமல் நகலெடுத்தால், 200 எழுத்துச் சொல் பக்கத்து இடத்திலும் வழிந்து எழுதப்படும். அடுத்து எங்கே செல்ல வேண்டும் என்ற குறிப்பு பெரும்பாலும் அந்தப் பக்கத்து இடத்தில்தான் இருக்கிறது. அதை மாற்றி எழுதியவன் கணிப்பொறியின் எசமானன் ஆகிறான். இது புதிய கண்டுபிடிப்பு அன்று. 1988 நவம்பரில் இணையத்தை நிலைகுலையச் செய்த மோரிஸ் புழு பயன்படுத்திய வழிகளில் இதுவும் ஒன்று.

வாஷிங்டன் குழுவினர் 176 எழுத்துகள் கொண்ட டி.என்.ஏ. இழையை வடிவமைத்துச் செயற்கையாகத் தயாரிக்கச் செய்தனர். அதைக் கருவியில் படித்து, கிடைத்த கோப்பைச் சுருக்கும் நிரலிடம் கொடுத்தபோது கணிப்பொறி அவர்கள் வசமாயிற்று. வியப்பான செயல்தான். ஆனால் மூன்று செய்திகளை நாம் மறக்கக் கூடாது. முதலாவது, அந்த நிரலில் இருந்த ஓட்டை ஆய்வாளர்கள் தாமே உண்டாக்கியது. இரண்டாவது, இத்தகைய தாக்குதலைத் தடுக்க இன்றைய கணிப்பொறிகளில் உள்ள பாதுகாப்புகளை அவர்கள் முன்கூட்டியே நீக்கிவிட்டனர். மூன்றாவது, படிக்கப்பட்ட துண்டுகளில் நூற்றுக்கு ஏறத்தாழ 37 மட்டுமே வேலை செய்தன. கருவி ஓர் இழையை இரு முனைகளில் எதிலிருந்தும் படிக்கக்கூடும். தலைகீழாகப் படித்தால் கட்டளை வெறும் உளறலாகிவிடும்.

இவற்றை ஆய்வாளர்கள் ஒளிக்கவில்லை, கட்டுரையிலேயே கூறியுள்ளனர். பரபரப்பை நாடியவர்கள்தாம் இவற்றை விட்டுவிட்டனர். சுருங்கச் சொன்னால், பூட்டைக் கழற்றி வைத்துவிட்டுத் திறந்த கதவு இது. இப்படியும் ஒரு வழி உண்டு என்பதற்கு அது சான்று. கதவுகள் எல்லாம் திறந்து கிடக்கின்றன என்பதற்குச் சான்று அன்று.

ஆயினும் அதே கட்டுரையில் அதிகம் பேசப்படாத பகுதி ஒன்று உண்டு. என் கருத்தில் அதுவே முதன்மையானது. உயிரியலாளர்கள் நாள்தோறும் பயன்படுத்தும் நிரல்களின் மூல வரிகளை அவர்கள் ஆராய்ந்தனர். நீளம் பார்க்காமல் நகலெடுப்பது போன்ற ஆபத்தான கட்டளைகள், ஒப்பீட்டுக்கு எடுத்த பிற நிரல்களைவிட வரிக்கு வரி சுமார் 11 மடங்கு மிகுந்திருந்தன. காரணம் எளியது. இந்நிரல்கள் பெரும்பாலும் ஆராய்ச்சியாளர்கள் தம் தேவைக்காக, விரைவை எண்ணி எழுதியவை. தம் ஆய்வுக்கூடத்துக் கோப்பில் விஷமம் இருக்கும் என்று யார் நினைப்பார்கள்?

இந்த ஆய்வின் மீது எனக்குள்ள குறை இதுதான். அது நம் கண்களைச் சோதனைக் குழாயின் பக்கம் திருப்பிவிட்டது. தாக்க விரும்புபவனுக்கு டி.என்.ஏ. தயாரிக்கும் சிரமம் எதற்கு? ஒரு கோப்பே போதுமே!

இதை 2019ஆம் ஆண்டு காட்டிற்று. துண்டுகளை மாதிரித் தொகுதியோடு பொருத்துவதற்கு உலகெங்கும் வழங்கும் பி.டபிள்யூ.ஏ. என்ற நிரலில் உண்மையான ஓட்டை ஒன்றை அமெரிக்காவின் சாண்டியா தேசிய ஆய்வுக்கூடத்தினர் கண்டனர். மாதிரித் தொகுதியுடன் வரும் ஒரு துணைக் கோப்பில் மிக நீண்ட பெயர் இருந்தால் நினைவகம் வழிந்தது. மாதிரித் தொகுதியை ஆய்வுக்கூடங்கள் வெளியிலிருந்து கணிப்பொறி வலை மூலம் பெறுகின்றன. நடுவழியில் ஒருவன் அதை மாற்றிவிட்டால், நோயாளியின் மரபணுத் தகவலையே திருத்திவிடலாம். கணிப்பொறி நிற்காது, எச்சரிக்கை ஒலிக்காது. தவறான அறிக்கை ஒழுங்காக அச்சாகி வரும். அதை நம்பி மருந்து கொடுக்கப்படும். நல்லவேளையாக, எவரும் இவ்வழியில் தாக்கியதாகச் செய்தி இல்லை. ஓட்டையை அடைத்த மருந்து என்ன தெரியுமா? பெயர் 1,023 எழுத்துகளைத் தாண்டினால் நிறுத்திவிடு என்ற சிறு சோதனை. அவ்வளவே!

2023 ஏப்ரலில் இல்லுமினா நிறுவனத்தின் வரிசையறியும் கருவிகளில் கோப்புகளை நகலெடுக்கும் நிரலிலும் ஒரு குறை வெளிப்பட்டது. ஆபத்தின் அளவுகோலில் அதற்குப் பத்துக்குப் பத்து தரப்பட்டது. அங்கும் வாயிலாக இருந்தது டி.என்.ஏ. அன்று, கணிப்பொறி வலைதான்.

எனவே, வாசகர்களே, டி.என்.ஏ.வைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை. அது எழுதப்பட்ட கோப்பையும், அக்கோப்பைப் படிக்கும் நிரலையும் சோதிக்காமல் நம்புவதற்கே அஞ்ச வேண்டும். உங்களில் பலர் நாளை இத்தகைய நிரல்களை எழுதப்போகிறீர்கள். கோப்பு எங்கிருந்து வருகிறது, வழியில் மாறவில்லை என்பதற்கு என்ன சான்று, எதிர்பார்த்ததைவிட நீளமாக இருந்தால் நிரல் என்ன செய்யும்? இம்மூன்று கேள்விகளையும் கேட்டுவிட்டு எழுதுங்கள். அம்மீட்டரை இணைக்குமுன் அளவைப் பார்க்கும் பழக்கம் ஒரு கருவியைக் காக்கிறது. இந்தப் பழக்கமோ, நீங்கள் ஒருநாளும் சந்திக்கப்போகாத ஒரு நோயாளியைக் காக்கக்கூடும்.