பச்சைப் படகு, கறுப்பு வெள்ளைப் படம்

அழகு என்ற சொல்லைக் கேட்டதும் நம்மில் ஒரு சாரார் முகம் சுளிக்கிறார்கள். பணக்காரரின் விளையாட்டைப் படம்பிடித்தவன் பணக்காரரின் கையாள்தானே, இதில் விமர்சிக்க என்ன இருக்கிறது என்பது அவர்கள் கேள்வி. மற்றச் சாராருக்குப் படம் அழகாக இருந்தால் போதும். அதற்குமேல் கேட்டால் அரசியல். பாய்ப்படகுப் பந்தயங்களின் ஒளிப்படங்களைப் பற்றிப் பேசப்போனால் இந்த இரு சாராரோடும் முரண்படவேண்டியிருக்கிறது.

இங்கிலாந்தின் தென்கரைக்கு அப்பால் உள்ளது வைற் தீவு. அங்குள்ள கௌஸ் என்ற சிறு துறைமுக நகருக்கு 1888 இல் மருந்துக்கடை நடத்த வந்தது பீக்கன் குடும்பம். மகன் பிராங் பீக்கனும் (1880-1970) மருந்தாளர்தான். ஊருக்கு முன்னாலுள்ள சொலென்ற் நீரிணையில் ஓடிய பந்தயப் படகுகள் அவரை ஒளிப்படக்காரராக்கின. அவருக்கிருந்த சிக்கல் சொல்வதற்கு எளிது: அசையும் படகொன்றில் நின்று அசையும் இன்னொரு படகை எடுக்கவேண்டும். துள்ளுகிற சிறு படகில் முக்காலி உதவாது. ஆகவே தன் தேவைக்கென்றே ஒரு மரப்பெட்டிக் கமராவை உருவாக்கிக்கொண்டார். ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு வில்லைகள். மேலுள்ளது குறிபார்க்க, கீழுள்ளது 8க்கு 6 அங்குலக் கண்ணாடித் தட்டில் பதிய. இரண்டு கைகளும் பெட்டியைப் பிடித்திருக்கும். பல்லிடையே வைத்திருக்கும் றப்பர் குமிழைக் கடித்தால் படம் விழும். ஒரு தட்டுக்கு ஒரு படம். அடுத்த தட்டை மாற்றுவதற்குள் பந்தயப் படகு எங்கோ போய்விடும்.

இந்தத் தொழிலின் நுட்பம் கமராவில் மட்டும் இல்லை. எடுக்கப்படும் படகின் வேகத்திலும் திசையிலும் தன் படகும் ஓடினால் இரண்டுக்குமிடையே அசைவு ஏறக்குறைய இல்லாமற்போகிறது. பாய் தெளிவாக விழுகிறது. இயந்திரத்தின் அதிர்வு கமராவுக்கு ஏறாதிருக்க, எதிலும் சாயாமல் முழங்காலை மடக்கி உடம்பையே வில்லாக்கி நிற்கவேண்டும். காற்று போகும் பக்கத்தில் நின்றால் சரிந்த தளம் முழுவதும் கண்ணுக்குத் தெரியும். நீர்மட்டத்துக்கு அருகே தாழ்ந்து நின்றால் பாய் வானத்தை முட்டும். தன் படகு கிளப்பும் அலை பந்தயக்காரரைக் குழப்பவும் கூடாது. இவ்வளவையும் படகோட்டியும் படமெடுப்பவரும் ஒரே மனமாகச் செய்யவேண்டும்.

இவ்வளவும் செய்த பின்னர் படத்தில் இல்லாமற் போவது அந்தச் சிறு படகு. பார்ப்பவருக்குத் தான் எங்கே நிற்கிறேன் என்பது தெரியாது. அலையுமில்லை, நனைவுமில்லை, கடலுக்கு மேலே யாருமற்ற ஓரிடத்திலிருந்து பார்ப்பது போலிருக்கும். உழைப்பு முழுவதும் தன்னையே மறைத்துக்கொள்ளும் உழைப்பு. பீக்கன் படங்களின் மேன்மையும் குறையும் இந்த ஒன்றில்தான் இருக்கின்றன என்பது என் எண்ணம்.

1930 இல் பீக்கன் எடுத்த படகுகளில் ஒன்று ஷாம்றொக் 5. சுமார் 120 அடி நீளம், பச்சை நிற உடல். கறுப்பு வெள்ளைப் படத்தில் அந்தப் பச்சை வெறும் இருட்டாகிறது. மேலே வெள்ளைப் பாய் மட்டும் ஒளிர்கிறது. உரிமையாளர் சேர் தோமஸ் லிப்டன். அமெரிக்கக் கிண்ணத்துக்காக 1899, 1901, 1903, 1920, 1930 என ஐந்து முறை போட்டியிட்டு ஐந்து முறையும் தோற்றவர். 1930 இல் என்ரபிறைஸ் என்ற படகிடம் நான்கு ஓட்டங்களிலும் தோல்வி. அந்தத் தோல்விகள்கூட அவரது தேயிலைக்கு விளம்பரமாயின.

அந்தத் தேயிலை நமக்குத் தூரத்துச் சங்கதியல்ல. 1890 இல் லிப்டன் இலங்கையில் தோட்டங்கள் வாங்கினார். அப்புத்தளைக்கு அருகிலுள்ள தம்பேதன்ன அவற்றிலொன்று. கொழுந்து பறித்தவர்கள் தமிழ்நாட்டிலிருந்து கொண்டுவரப்பட்ட குடும்பங்கள். தோட்டத்திலிருந்து நேரே தேநீர்ச் சாடிக்கு என்பதே அவரது விளம்பர வாசகத்தின் சாரம். இந்த 'நேரே' என்ற சொல்லை நிதானித்துப் பார்க்கவேண்டும். இடையிலிருந்த கைகளை அது அழித்துவிடுகிறது. அவரது விளம்பரங்களில் கூடை சுமந்த தமிழ்ப் பெண் வரத்தான் செய்தாள், ஆனால் அலங்காரமாக. 1948 இல் குடியுரிமைச் சட்டம் அவளுடைய பேரப்பிள்ளைகளை நாடற்றவர்களாக்கியது.

அப்படியானால் பீக்கனைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றலாமா? அது சுலபமான விமர்சனம். ஒரு படம் உலகம் முழுவதையும் சட்டத்துக்குள் கொண்டுவர முடியாது. அப்புத்தளையைச் சொலென்ற் நீரிணையில் நின்று எடுக்கவும் முடியாது. கேட்கக்கூடியது வேறு: கண்ணெதிரே இருந்ததையாவது அந்தப் படம் கண்டதா? பிரித்தானியாவின் பெரிய பந்தயப் படகுகளில் கூலிக்கு வேலைசெய்தவர்களில் பலர் டொலஸ்பரி, பிறைற்லிங்சீ போன்ற எசெக்ஸ் கரையோர ஊர்களின் மீனவர்கள். குளிர்காலத்தில் மீன்பிடி, கோடையில் சீமான்களின் பாய். பீக்கனின் பெரும் படங்களில் இவர்கள் தளத்தின்மேல் சிறு வெள்ளைப் புள்ளிகள். அமெரிக்காவில் மொறிஸ் றோசன்வெல்ட்டும் இதேபோல் துரத்துபடகிலிருந்து எடுத்தவர்தான். ஆனால் றோசன்வெல்ட் குடும்பத்தார் பந்தயப் படகின் தளத்திலும் ஏறி, கயிறு இழுக்கும் மனிதரையும் எடுத்தார்கள். 1984 இல் மிஸ்ரிக் சீபோர்ட் அருங்காட்சியகத்துக்குச் சென்ற அவர்களது தொகுப்பில் பாய் காற்றால் மட்டும் நிமிர்வதில்லை என்பது தெரிகிறது. வடிவ அழகில் பீக்கன் மேல். மனிதரைக் கண்டதில் றோசன்வெல்ட்.

இன்று ஹெலிகொப்ரரும் ட்ரோனும் மேலே நின்று எடுக்கின்றன. 2021 இல் ஒக்லண்டில் நடந்த அமெரிக்கக் கிண்ணப் போட்டியில் படகுகள் நீரைவிட்டு எழும்பி ஓடின. மேலிருந்து எடுத்த படங்கள் அவற்றை வரைபடக் கோடுகளாக்கின. பல்லில் குமிழைக் கடித்து நின்றவருக்கு விழுந்துவிடும் பயமாவது இருந்தது. அந்தப் பயம் அவரது படங்களின் சரிந்த தளங்களில் இன்னும் இருக்கிறது. அதனால்தான் அவற்றை நான் தூக்கியெறியமாட்டேன். ஆனால் ஷாம்றொக்கின் படத்துக்குக் கீழே படகின் பெயர், ஆண்டு, உரிமையாளர் என்று எழுதி நிறுத்திக்கொள்வது போதாது. கயிறு பிடித்தவர்களின் ஊரும், பாய்க்குப் பணம் கொடுத்த தோட்டத்தின் பெயரும் அந்த வரியில் இடம்பெறவேண்டும்.