திருவிழா மேடையில் பேஸ் கிட்டார்: பிக்கப், கட்டுமானம், கைமரபு

ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் மெல்லிசைக் குழுக்களின் பேஸ் கிட்டார் மரபு குறித்து மலருக்கு ஒரு கட்டுரை வேண்டும் என்று சங்கத்தின் மூத்தோர் பணித்தபோது, வாசிப்போடு கருவியின் தரமும் பேசப்பட வேண்டும் என்பது அவர்களின் விருப்பமாக இருந்தது. உறுப்பினர்கள் கூடும்போதெல்லாம் அமெரிக்க பேஸ் கலைஞர் மார்க்கஸ் மில்லரின் பெயர் தாங்கிய வி7 கிட்டாரின் பிக்கப் பற்றியும் நெக் பற்றியும் எழும் வாதங்கள் நள்ளிரவு வரை நீள்வதால், அவ்விருப்பம் காலத்துக்கு ஏற்றதே.

இவ்வட்டாரத்தின் கைமரபுகள் உறுப்பினர்கள் அறிந்தவை. அன்னக்கிளி வெளிவந்த 1976-க்கு முற்பட்ட பாடல்களில் தாளத்தோடு ஒட்டி, ஆதார சுரத்தை விட்டு அதிகம் விலகாமல் நடந்த பழைய கை ஒன்று. இளையராஜா சுரக்குறிப்பாக எழுதித் தந்ததைச் சசிதரன் வாசித்த முறையை வேதமாகக் கொண்டு, பேஸைப் பாட்டுக்குக் கீழே ஓடும் இன்னொரு பாட்டாகவே கருதிய கை மற்றொன்று. 1992-இல் ரோஜா வந்த பிறகு, சிந்தசைசர் பேஸையும் கீத் பீட்டர்ஸின் விரல்களையும் ஒருசேரக் கேட்டு வளர்ந்தது மூன்றாவது. இவற்றுள் நடுவில் உள்ளதே இவ்விரு ஊர்களிலும் வேரூன்றியது. ஸ்ரீவில்லிபுத்தூர்த் தேரடிக்கு அருகில் ஒரு மாடியறையில் பல்லாண்டுகள் வகுப்பு நடத்திய பெரியவரிடம் பயின்றவர்களே அதை இன்றும் காத்துவருகின்றனர். இக்கட்டுரையாளரும் அவ்வகுப்பில் அமர்ந்தவர் என்பதால், கீழே வரும் மதிப்பீடுகளில் அவ்வகுப்பின் அளவுகோலே மேலோங்கி நிற்பதை வாசகர்கள் பொறுத்தருள வேண்டும்.

அவ்வாசிரியர் சுரம் தொடங்கும் இடத்தைவிட அது முடியும் இடத்தையே பெரிதாக மதித்தார். பாட்டின் பேஸ் நடையை முதலில் வாயால் பாடிக் காட்டாத மாணவரின் கையில் கிட்டாரைத் தரமாட்டார். ஒரு தந்தியை மீட்டும்போது மற்ற மூன்று தந்திகளும் இடக்கை விரல்களின் அடியில் ஊமையாகக் கிடக்க வேண்டும் என்பதில் அணுவளவும் விட்டுக்கொடுக்காதவர். அவருடைய கருவி கல்கத்தாவில் செய்யப்பட்ட எளிய கிட்டார். அதன் பிக்கப், அதாவது தந்தியின் அதிர்வை மின் சமிக்ஞையாக மாற்றும் காந்தமும் கம்பிச் சுருளும் கொண்ட உறுப்பு, ஒருமுறை செயலிழந்தபோது, மாற்றுப் பிக்கப் எங்கும் கிடைக்காமல் ராஜபாளையத்தில் மில் மோட்டார்களுக்குக் காயில் கட்டும் கடைக்கு அதை எடுத்துச் சென்றார். மோட்டாருக்குச் சுற்றும் கம்பி பிக்கப்பின் கூட்டுக்குள் அடங்காத தடிமன் உடையது. ஆகவே பழுதான ஒரு சிறு ரிலேயிலிருந்து தலைமயிரினும் மெல்லிய எனாமல் கம்பியை உருவி எடுத்து, அறுந்த இடங்களைப் பற்றவைத்து, ஆயிரக்கணக்கான சுற்றுகளைக் கையாலேயே சுற்றி முடித்தனர். அந்தக் கிட்டாரின் ஒலி பின்னர் சற்றே மங்கியதாயினும் தெளிவு குறையவில்லை.

பிக்கப்பின் தரத்தைக் கடையில் வைத்துத் தீர்மானிக்க முடியாது என்பது அவ்வகுப்பின் முதல் பாடம். ஆடிப்பூரத்திலும், பெரிய மாரியம்மன் கோயில் பங்குனிப் பூக்குழி நாட்களிலும், மேடையைச் சுற்றிச் சீரியல் செட்டும் டியூப் லைட்டும் கட்டி, பின்புறம் ஜெனரேட்டர் ஓடும் இடத்தில்தான் அதற்குச் சோதனை. ஒற்றைச் சுருள் கொண்ட பிக்கப், தந்தியின் அதிர்வோடு சுற்றியுள்ள மின் கம்பிகளின் இரைச்சலையும் வாங்கிக்கொள்ளும். நம் நாட்டு மின்சாரத்தின் அலைவெண் 50 ஹெர்ட்ஸ். பேஸின் தடித்த தந்தியில் மூன்றாவது ஃபிரெட்டில் ஒலிக்கும் ஜி சுரமோ 49 ஹெர்ட்ஸ். இவ்விரண்டும் மோதும்போது விநாடிக்கு ஒருமுறை ஏறியிறங்கும் ஓர் அலை சுரத்துக்குள் புகுந்து, பாடகரின் சுருதியையே கலக்கிவிடும். பிக்கப் சோதனைக்கு வந்த கருவிகளை எல்லாம் ஆசிரியர் அந்த ஜி சுரத்தில்தான் முதலில் நிறுத்திக் கேட்பார்.

இவ்வளவுகோலால் வி7 கருவியை அளந்தால் அதன் நிறையும் குறையும் தெளிவாகும். மார்க்கஸ் மில்லர் பல ஆண்டுகள் வாசித்தது, ரோஜர் சடோவ்ஸ்கி என்னும் கைவினைஞர் ப்ரீஆம்ப் பொருத்தித் திருத்தித் தந்த 1977-ஆம் ஆண்டு ஃபெண்டர் ஜாஸ் பேஸ். ப்ரீஆம்ப் என்பது பிக்கப்பின் மெல்லிய சமிக்ஞையைக் கருவிக்குள்ளேயே வலுப்படுத்தும் மின்சுற்று. அவர் பெயரில் ஃபெண்டர் முன்பே ஒரு கருவி வெளியிட்டிருந்தது. கொரிய நிறுவனமான சயர் 2015-இல் இந்தோனேசியாவில் செய்து வெளியிட்ட வி7, அதே குடும்பத்து வாரிசு, நடுத்தரக் குடும்பத்து வாசிப்பாளரும் எட்டிப் பார்க்கக்கூடிய விலையில். இதன் இரண்டு ஒற்றைச் சுருள் பிக்கப்களும் எதிரெதிர்த் திசையில் சுற்றப்பட்டவை ஆதலால், இரண்டையும் கலக்கும் குமிழை நடுவில் வைத்திருக்கும் வரை ஒன்றன் இரைச்சலை மற்றது அழித்துவிடும். குமிழை ஒருபுறமாகத் திருப்பிய மறுகணமே இரைச்சல் திரும்பும். அதாவது ஆடிப்பூர மேடையில் இக்கருவிக்கு ஒரே ஒரு பாதுகாப்பான இடம்தான் உண்டு. 1957 முதல் ஃபெண்டர் பிரிசிஷன் பேஸில் வரும் இரண்டாகப் பிளந்த சுருளுக்கு இந்தக் கட்டுப்பாடு இல்லை என்பதாலேயே தேரடி வகுப்பினர் அதன் பக்கம் நின்றனர். ராஜபாளையத்து நண்பர்கள் வி7-இன் கூர்மையான ஒலிக்காக இரைச்சலைப் பொறுத்துக்கொள்வது அவர்களின் உரிமை.

கட்டுமானத்தில் வி7 தன் விலையை விஞ்சி நிற்கிறது என்பதை எதிரணியினரும் ஒப்புக்கொள்வர். சித்திரை வெயிலில் நெக்கின் மரம் சுருங்கும்போது ஃபிரெட் கம்பிகளின் முனைகள் வெளியே நீட்டி உள்ளங்கையைக் கீறும். வி7-இல் நெக்கின் விளிம்பு உருட்டி மழுக்கப்பட்டிருப்பதால் கைக்கு இதமாக இருக்கிறது. ஆயினும் மேற்கு மலையிலிருந்து காற்று இறங்கும் ஆனி, ஆடி மாதங்களில் நெக் வளைவதும், உள்ளே ஓடும் இரும்புத் தண்டைக் கால் சுற்று திருப்பி நேராக்க வேண்டியிருப்பதும் எல்லாக் கருவிக்கும் பொது. வேன் கூரையில் வெயிலில் கட்டிக் கொண்டுசெல்லப்படும் கருவிக்கு எந்தத் தொழிற்சாலையும் பொறுப்பேற்க முடியாது.

இங்கு ஒன்றைச் சொல்லாமல் விடுவது மூத்தோருக்குச் செய்யும் துரோகமாகும். எவரையும் சுட்டுவது நோக்கமன்று. திறமையுள்ள இளைஞர்கள் பலர் உள்ளனர் என்பதிலும் ஐயமில்லை. ஆனால் இன்று சில மேடைகளில், பெயர் பெற்ற கருவியைத் தோளில் மாட்டியதே வாசிப்பு என்று கொள்ளப்படுகிறது. ப்ரீஆம்பின் பேஸ் குமிழ் முழுவதும் திருகப்பட்டு, சுரம் முடியும் இடமே இல்லாமல் ஒரு முழக்கம் மட்டும் பந்தலை நிறைக்கிறது. கேபிளை ஜாக்கில் செருகியிருக்கும்வரை உள்ளே பேட்டரி கரைந்துகொண்டே இருக்கும் என்பதுகூடத் தெரியாமல், ஒத்திகை முடிந்ததும் செருகியபடியே விட்டுச் சென்று, இரவு கச்சேரியில் பாதிப் பாட்டில் ஒலி கம்மும்போது ஒலிபெருக்கிக்காரரைக் கடிந்துகொள்கின்றனர். இரண்டு ஒன்பது வோல்ட் பேட்டரிகளுக்குச் செலவிட மனமில்லாதவர் கருவிக்கு எவ்வளவு செலவிட்டும் பயனென்ன? தந்தி பழசானால் வெந்நீரில் கொதிக்கவைத்து அழுக்கெடுத்து மீண்டும் மாட்டிய தலைமுறையின் மேடையில், துரு ஏறிய தந்தியோடு பளபளக்கும் கருவி நிற்கிறது. இடக்கை ஊமைத் தந்தி என்றால் என்னவென்று கேட்கின்றனர். கீபோர்டின் இடக்கையிலேயே பேஸை முடித்துக்கொள்ளலாம் என்றும், பதிவுசெய்த டிராக்கைப் போட்டுக்கொண்டு கிட்டாரை வெறுமனே ஏந்தி நிற்கலாம் என்றும் எண்ணம் பரவிவிட்டது; இது தொடர்ந்தால் இரண்டு ஊர்களிலும் பேஸ் வாசிப்பு என ஒன்று இருந்தது என்பதை இந்த மலர்தான் சொல்ல வேண்டியிருக்கும்.

ரிலேக் கம்பி சுற்றிய அந்தப் பிக்கப், கிட்டாரோடு சேர்த்து இப்போது சங்கத்தின் அறையில் இருக்கிறது. புதுக் கருவி வாங்கும் உறுப்பினர்கள், வாங்கிய வாரத்திலேயே அதைக் கொண்டுவந்து, சீரியல் செட்டைப் போட்டுவிட்டு, இரண்டையும் மாறி மாறி மூன்றாம் ஃபிரெட் ஜி சுரத்தில் வாசித்துப் பார்க்கலாம். அறையின் சாவி செயலாளரிடம் கிடைக்கும்.