அகலத்தை விடுங்க, லேபிளைப் பாருங்க

பழைய டையின் வயதைக் கண்டுபிடிப்பது எப்படி என்று இணையத்தில் தேடினால் வருகிற கையேடுகள் பெரும்பாலும் ஒரே அட்டவணையைத்தான் தருகின்றன. நாலு அங்குலத்துக்கு மேல் அகலம் என்றால் 1940கள். இரண்டு அங்குலம் என்றால் 1960களின் தொடக்கம். மறுபடியும் நாலு, நாலரை என்றால் 1970கள். ஸ்கேல் வைத்து அளந்தால் வேலை முடிந்தது.

லண்டன் கடைத்தெருவுக்கு இது சரி. 1966-இல் மைக்கேல் ஃபிஷ் அகல டையைக் கொண்டுவந்த பிறகு ஒல்லி டை அங்கே பழசாகிப் போனது. தென்காசிக்கும் அதே அட்டவணையைப் பொருத்தினால்தான் சிக்கல். நம்ம ஊரில் டை தினசரி உடுப்பு இல்லை. கல்யாண ரிசப்ஷன், இன்டர்வியூ, போட்டோ, அவ்வளவுதான். அண்ணன் வாங்கினது பத்து வருஷம் கழித்துத் தம்பி கழுத்தில் ஏறும். போட்டோ ஸ்டுடியோக்காரர்களே வருகிறவர்களுக்காக ஒரு கோட்டும் டையும் மாட்டி வைத்திருந்த காலமும் உண்டு. அந்தப் படங்களில் உள்ள டையை வைத்துப் படத்துக்குத் தேதி போட முடியாது.

'மங்கிப்போனால் பழசு' என்பதும் இங்கே எடுபடாது. குற்றாலத்தில் சாரல் அடிக்கிற மாதங்களில் பீரோவுக்குள் இருக்கிற துணியே பூஞ்சை பிடிக்கும். பத்து வருஷத்து டை ஐம்பது வருஷத்து டை மாதிரி ஆகிவிடும்.

அப்போ எதை நம்புவது? லேபிளில் இருக்கும் முகவரியை. இந்தியாவில் பின்கோடு வந்தது 1972 ஆகஸ்ட் 15. அதற்கு முன்னால் 'மெட்ராஸ்-17' மாதிரி வட்டார எண்தான். மெட்ராஸ் மாநிலம் தமிழ்நாடு ஆனது 1969 ஜனவரி 14. தென்காசிக்குப் பக்கத்தில் இருக்கும் செங்கோட்டை 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர் பக்கம் இருந்தது. விலையில் 'நயா பைசா' என்று இருந்தால் அது 1957-க்கு முன்னால் அச்சானது இல்லை.

இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. புதுப் பெயர் இருந்தால் 'இதற்கு முன்னால் இல்லை' என்று அடித்துச் சொல்லலாம். பழைய பெயர் இருந்தால் 'இதற்குப் பின்னால் இல்லை' என்று சொல்ல முடியாது. கடைக்காரர் கட்டுக்கட்டாக அடித்து வைத்த லேபிளைத் தீரும் வரை தைப்பார். பின்கோடு வந்த பிறகும் 'சென்னை-17' என்று எழுதியவர்கள் எத்தனை பேர்! தமிழ் லேபிளில் இருக்கும் எழுத்தும் இப்படித்தான். லை, னை, றா போன்றவற்றின் இன்றைய வடிவத்தை அரசு ஏற்றது 1978-இல். ஆனால் பெரியார் 1935-லேயே குடி அரசில் அதைப் பயன்படுத்தத் தொடங்கிவிட்டார். பழைய வடிவத்தை 1978-க்குப் பிறகும் விடாதவர்கள் உண்டு.

தென்காசியில் நண்பர் ஒருவர் வீட்டு டிரங்குப் பெட்டியில் ஒரு டை இருந்தது. குற்றாலம் சீசனுக்கு வந்த துரை ஒருவர் தாத்தாவுக்குக் கொடுத்தது என்று வீட்டில் பேச்சு. அகலம் நாலு அங்குலத்துக்கு மேல். கையேட்டின்படி 1940களும் சரி, 1970களும் சரி. வீட்டார் இயல்பாகவே 1940களை எடுத்துக்கொண்டார்கள். லேபிளைத் திருப்பிப் பார்த்தால் மெட்ராஸ் கடை முகவரி, கூடவே ஆறு இலக்கப் பின்கோடு. உள்மடிப்பிலிருந்து ஒரே ஒரு நூலை உருவித் தீயில் காட்டினோம். பட்டு என்றால் முடி கருகுகிற வாசனை வந்து, சாம்பல் பொடியாக உதிரும். இது உருகிக் கெட்டியான மணியாகத் திரண்டது. பாலியஸ்டர். அதற்குக் காப்புரிமைக்கு விண்ணப்பித்ததே 1941-இல்தான்; கடைக்குத் துணியாக வந்தது இன்னும் பிந்தி.

தாத்தா 1961-லேயே போய்விட்டார். அப்படியென்றால் டை அவருடையது இல்லை. எழுபதுகளில் மெட்ராஸில் வேலை தேடி அலைந்த அப்பாவுடையதாக இருக்கலாம். அதற்கு மேல் டை எதுவும் சொல்லவில்லை. துரை கதைக்கு இருந்த மவுசு இந்தக் கதைக்கு அந்த வீட்டில் இல்லை. அந்த அலைச்சலைப் பற்றி அப்பாவும் பெரிதாகப் பேசினதில்லையாம். எனக்கென்னவோ, துரை கதையைவிட இதுதான் பத்திரப்படுத்த வேண்டியது என்று தோன்றுகிறது.

அகல அட்டவணை ஒரு பொருளுக்கு இரண்டு தேதி கொடுத்து, பிடித்ததை எடுத்துக்கொள்ளச் சொல்கிறது. எந்தத் தேதி பிடிக்கும் என்பதை வீட்டுப் பெருமை ஏற்கெனவே முடிவு செய்து வைத்திருக்கும். லேபிள் அப்படி விட்டுக்கொடுக்காது. உங்கள் வீட்டில் பழைய டை இருந்தால் தயவுசெய்து வெளுக்கப் போடாதீர்கள், லேபிளைப் பிரிக்காதீர்கள். முதலில் பின்பக்கத்தைப் படம் எடுத்து வையுங்கள்.