தோல்வியின் இலக்கணம்: எஸ். ஜே. சைமனின் பிரிட்ஜ் நூல் குறித்து ஒரு நோக்கு

சீட்டாட்ட நூலொன்றைத் திறனாய்வுக்கு எடுத்துக்கொள்வது தமிழ் வாசகர் சிலருக்கு வியப்பளிக்கலாம். சூதினைக் கடிந்து ஓர் அதிகாரமே வகுத்தது திருக்குறள். எனினும், பொருளை இழக்கும் சூது வேறு. அறிவைத் தீட்டும் ஆட்டம் வேறு. மழையால் பால்வெட்டு நின்றுபோன நாளில், ரம்புக்கனைப் பகுதி இறப்பர்த் தோட்டங்களின் லயத்து இஸ்தோப்பில் நால்வர் கூடி ஆடும் முந்நூற்றுநாலை நோக்கினால் இது புலனாகும். இருவர் இருவராய்ச் சேர்தல், கேள்வி கேட்டல், துரும்பு தெரிதல், பிடி எடுத்தல் ஆகிய யாவும் பிரிட்ஜுக்கும் பொதுவானவை. ஆதலின் சைமன் கூறுவன அவ்வாட்டக்காரர்க்கு அந்நியமாகா.

1904இல் மஞ்சூரியாவின் ஹார்பின் நகரிற் பிறந்து இலண்டனில் வாழ்ந்தவர் சைமன். ஜாக் மார்க்ஸ் முதலியோருடன் சேர்ந்து, இன்றும் வழங்கும் 'ஏக்கல்' என்னும் கேள்வி முறையை உருவாக்கினார். பிரிட்ஜில் ஒருவர் தோற்பது ஏன் என்பதை ஆராயும் அவரது நூல் 1945இல் வெளிவந்தது.

ஏனைய ஆசிரியர்கள் சீட்டினை ஆராய, சைமன் ஆடுவோனை ஆராய்கின்றார். நுட்பம் போதாமை தோல்விக்கு ஒரு காரணமே. தன்னையும் கூட்டாளியையும் அறியாமை மற்றொன்று என்பது அவர் துணிபு. இதனை விளக்க நான்கு பாத்திரங்களைப் படைக்கின்றார். கற்றவற்றைக் காலமறியாது பயன்படுத்துபவர் ஒருவர்; தம் ஆற்றலிலே நிறைவு கண்டு அமைபவர் இன்னொருவர்; ஆட்டமே பிடிபடாத திருமதி குகன்ஹைம் மூன்றாமவர். நால்வரிலும் வல்லவரான 'அதிர்ஷ்டமற்ற நிபுணர்' தோற்பதே சிந்தனைக்குரியது. தாம் ஆடுவது போலவே கூட்டாளியும் ஆடுவார் என எதிர்பார்த்து அவர் கேள்வியை உயர்த்துகின்றார், ஆடவேண்டியவரோ குகன்ஹைம். தோற்றபின் அவர் நொந்துகொள்வது தம் கணிப்பையன்று, விதியையே. எதிரேயிருக்கும் கூட்டாளியைக் கொண்டு எய்தக்கூடிய பயனை நாடுவதே அறிவு என்பது சைமனின் போதனை.

இப்பார்வை அவருக்கு எங்கிருந்து வந்தது? கரில் பிராம்ஸ் என்னும் பெண் எழுத்தாளருடன் இணைந்து, 'நோ பெட் ஃபோர் பேகன்' (1941) உள்ளிட்ட நகைச்சுவை நாவல்களை எழுதியவர் அவர். நாவலாசிரியரின் கண்ணே சீட்டு மேசையிலும் மனிதரைக் கண்டது எனலாம். நூலின் இறுதியில் அந்நால்வரும் ஒன்றாய் அமர்ந்து ஆடும் பகுதி, கற்பிக்கும் நூல் கதையாக மலருமிடமாகும்.

குறையும் உண்டு. நால்வருள் ஏதுமறியாதவராகப் படைக்கப்பட்டவரே ஒரேயொரு பெண். பிறர் மடமைகளை நுணுகிக் கண்ட ஆசிரியர், இங்கு அக்காலத்து எளிய நகைப்புக்கு இடங்கொடுத்துவிட்டார்.

சைமன் 1948இல் மறைந்தார். கேள்வி முறைகள் பல மாறியும் அவர் நூல் பயிலப்படுகின்றது. முறைகள் பழமையுறும், கூட்டாளியைப் பழிக்கும் மனம் பழமையுறுவதில்லை. துறைநூலென்று ஒதுக்கப்படும் ஒன்று மனித இயல்பை இத்துணைத் தெளிவாகக் காட்டுமாயின், அதனை இலக்கியமென ஏற்பதே நேர்மையான திறனாய்வாகும்.